அடிக்கடி சூடு நின்றுபோகும் ட்ரையர்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா, வேறு வழியா?

ஆனி பிறந்துவிட்டால் வால்பாறை, பந்தலூர், தேவாலாவிலிருந்தும், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் மூணாறு, குமுளி, பீர்மேட்டிலிருந்தும் ஒரே கேள்வி வருகிறது. டிரம் சுற்றுகிறது, சத்தம் சரியாக இருக்கிறது, துணி மட்டும் சில்லென்று ஈரமாகவே வெளியே வருகிறது. மெக்கானிக் வந்து தெர்மல் ஃபியூஸ் மாற்றினார், சில வாரம் ஓடியது, மறுபடி அதே கதை. இன்னொரு தடவை ஃபியூஸுக்குச் செலவழிக்கலாமா? மெஷினைத் தள்ளிவிட்டு ஹீட் பம்ப் வாங்கலாமா? அறைக்காற்றின் ஈரத்தை இழுக்கும் ஒரு டீஹ்யூமிடிஃபையர் வாங்கி அறைக்குள் கொடி கட்டினால் போதுமா?

மெஷினின் வயதைவிட அது நிற்கும் அறைதான் இதைத் தீர்மானிக்கிறது. ஈரக்காற்று வெளியே போக நேரான வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலில் காரணம். ஹீட்டர் பெட்டியிலோ காற்று வெளியேறும் பாதையிலோ சூடு அளவைத் தாண்டினால் தெர்மல் ஃபியூஸ் உருகி ஹீட்டருக்குப் போகும் கரண்டை வெட்டிவிடும். உருகினால் உருகியதுதான், மாற்றித்தான் ஆகவேண்டும். சில மாடல்களில் அதோடு மெஷினே மொத்தமாக நின்றுவிடும். இன்னும் சிலவற்றில் ஃபியூஸுக்குப் பதிலாகப் பின்பக்கம் ஒரு சிறிய ரீசெட் பட்டன் இருக்கும்; பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, அழுத்தினால் மறுபடி சூடு வரும். ஃபியூஸ் வாங்க பொள்ளாச்சிக்கு இறங்குவதற்கு முன் அந்தப் பட்டன் உண்டா என்று புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைப்பகுதியில் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போக முக்கியமாக இரண்டு காரணங்கள்.

ஒன்று, காற்று அடைபடுவது. உள்ளே இருக்கும் பஞ்சு வலையை எல்லோரும் சுத்தம் செய்கிறார்கள். அதற்குப் பின்னால், ஈரக்காற்றை வெளியே கொண்டுபோகும் ஹோஸை யாரும் கழற்றுவதில்லை. சாரல் காலத்தில் வெளிக்குளிருக்கு ஹோஸின் சுவர் சில்லிட்டுக் கிடக்கும். உள்ளிருந்து வரும் ஈரமான சூட்டுக்காற்று அதில் பட்டதும் தண்ணீராக மாறும். ஹோஸ் எங்காவது தொங்கிக் குழிந்திருந்தால் அந்தத் தண்ணீர் அங்கே தங்கி, பறந்து வரும் பஞ்சு அதில் ஊறி, பிசைந்த மாவு போல ஒட்டிக்கொள்ளும். நாலு அங்குலக் குழாய் இரண்டு அங்குலமாகிவிடும். வெளிவாயில் நிலைமை இன்னும் மோசம்: பல்லி, எலி, குளவி வராமலிருக்க ஒரு துண்டு கொசுவலை கட்டிவைத்திருப்பார்கள். சில ஈடு துணி காய்வதற்குள் அந்த வலைமேல் பஞ்சு கம்பளியாகப் படிந்துவிடும். ட்ரையர் மூச்சுத் திணறி ஃபியூஸ் போகும். அநேக வீடுகளில் குற்றவாளி இந்த வலைதான்.

இரண்டு, நடுவில் கரண்ட் போவது. மழைக்காலத்தில் கிளை முறிந்து கம்பிமேல் விழாத வாரம் இல்லை. ட்ரையர் தானாக நிற்கும்போது கடைசிச் சில நிமிடம் ஹீட்டர் இல்லாமல் விசிறி மட்டும் ஓடி ஆறவைக்கும். கரண்ட் போனால் விசிறியும் நின்றுவிடும். பழுக்கக் காய்ந்திருக்கும் ஹீட்டர் கம்பிச்சுருளின் (காயில்) சூடு போக்கிடம் இல்லாமல் பெட்டிக்குள்ளேயே தேங்கி ஃபியூஸைத் தொடும். வீட்டு இன்வெர்ட்டர் இந்தச் சுமையைத் தாங்காது. காற்றும் மழையுமாக இருக்கும் இரவுகளில் ட்ரையர் போடாமலிருப்பதே மருந்து. அப்படி நடுவில் நின்றுவிட்டால் துணியை உள்ளே குவியலாக விடாமல் உடனே எடுத்து உதறிப் பரப்புங்கள். தேங்காயெண்ணெய் ஊறிய தலைத்துண்டு, சமையலறைக் கரித்துணி இவற்றை ட்ரையரில் போடவே கூடாது. சூடான குவியலில் எண்ணெய்த்துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும்.

மற்றவை குறைவு. வோல்டேஜ் 255 வரை ஏறினால் 2,000 வாட் ஹீட்டர் 2,450 வாட்டாக எரியும். வெப்பம் ஏறி இறங்குவதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் ஹீட்டர் அணையாது. காயில் தொய்ந்து தகட்டைத் தொட்டால், கரண்ட் கசிந்தால் அணைக்கும் ஈஎல்சிபி ஸ்விட்ச் விழும். ஊதும் விசிறியின் நடுத்துளை தேய்ந்திருந்தால் மோட்டார் சுற்றும், விசிறி முழு வேகத்தில் சுற்றாது.

எது காரணம் என்று பிரித்தறிய ஒரு சோதனை போதும். புது ஃபியூஸ் போட்ட அன்றே, ஜன்னலைத் திறந்துவைத்து, ஹோஸைக் கழற்றிவிட்டு ஒரு ஈடு ஓட்டிப் பாருங்கள். முன்பு மூன்று மணி நேரம் எடுத்த துணி ஒன்றரை மணியில் காய்ந்தால் மெஷின் நல்ல மெஷின், ஹோஸ்தான் கெட்டது. ஹோஸ் இல்லாமலும் காற்று மந்தமாக வந்தால் உள்ளே விசிறி, டிரம்மைச் சுற்றிய ஃபெல்ட் பட்டை, பஞ்சு வலை ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். வலையைக் குழாயடியில் பிடியுங்கள். தண்ணீர் இறங்காமல் மேலே தேங்கினால் துணி மென்மையாக்கும் திரவத்தின் படலம் அடைத்திருக்கிறது, சோப்பும் பழைய பல்துலக்கியும் போதும். காற்று பலமாக வந்தும் ஃபியூஸ் போனால் தெர்மோஸ்டாட்மேல் சந்தேகப்படலாம். பிளக்கைப் பிடுங்கிய பின் மல்டிமீட்டரில் 2,000 வாட் காயில் ஏறத்தாழ 26 ஓம் காட்டவேண்டும். காயிலுக்கும் தகட்டுக்கும் நடுவே எதுவும் காட்டக்கூடாது.

காற்று வெளியேறும் வழி. மெஷினிலிருந்து வெளிச்சுவர் இரண்டு மீட்டருக்குள் இருக்கிறதா, எத்தனை வளைவு, வாய் எந்தத் திசை பார்க்கிறது.

கரண்டின் தரம். 2,000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர்; 16 ஆம்ப் பிளக்கும் நல்ல எர்த்தும் வேண்டும். சாயங்காலம் வோல்டேஜ் 180க்கு இறங்கும் லைனில் அதே ஹீட்டர் 1,225 வாட்தான் தரும். அந்த நேரத்தில் துணி காயத் தாமதமானால் அது பழுதல்ல, மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பயனில்லை.

பில். எல்லையின் இரண்டு பக்கமும் 500 யூனிட் ஒரு மேடு. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட் மட்டுமல்ல, 101க்கு மேல் உள்ள கீழ்ப்படியின் விலையும் ஏறிவிடும். கேரளத்தில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் போனால், அதாவது இரண்டு மாதத்தில் அதே 500, படிப்படியான கணக்கு போய் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை. ட்ரையர் எத்தனை யூனிட் இழுக்கிறது என்பதைவிட வீட்டை இந்த மேட்டுக்கு அப்பால் தள்ளுகிறதா என்று பாருங்கள்.

உதிரிப்பாகமும் ஆளும். வால்பாறைக்கு ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் ஆள் வரவேண்டும். ஒரே பழுதுக்கு மூன்று தடவை வருகைக் கட்டணமும் வண்டிச்செலவும் கொடுத்தால் ஃபியூஸ் விலை கால்தூசி.

எந்த வழியானாலும் செலவில்லாத ஒன்றை முதலில் செய்துவிடுங்கள். 5 கிலோ பருத்தித்துணி 1,000 சுற்றில் பிழிந்து வரும்போது சுமார் 3 லிட்டர் தண்ணீர் வைத்திருக்கும். 1,400 சுற்றில் அது சுமார் இரண்டரை லிட்டராகக் குறையும். ஒவ்வொரு லிட்டரையும் சூட்டால் விரட்ட ஏறத்தாழ ஒரு யூனிட். துவைக்கும் மெஷினில் இன்னொரு தடவை ஸ்பின் போடுவதற்கு ஆகும் கரண்ட் அதில் சிறு பகுதிதான்.

## ஒரே பார்வையில்

கீழே உள்ளவை 5 கிலோ துணிக்கான தோராயக் கணக்கு. மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்.

| வழி | யூனிட் | நேரம் | வெளிக்குழாய் | திரும்ப வரும் பழுது |
|---|---|---|---|---|
| ஃபியூஸ் மட்டும் மாற்றுவது | 3, அடைப்பு இருந்தால் 4க்கு மேல் | 2 முதல் 3 மணி | அப்படியே | அதே ஃபியூஸ் |
| காற்றுப்பாதையைச் சரிசெய்வது | 3 | ஒன்றரை முதல் 2 மணி | வேண்டும் | பராமரித்தால் அரிது |
| ஹீட் பம்ப் ட்ரையர் | 1.5 | இரண்டரை முதல் 3 மணி | வேண்டாம் | தகடுகளில் பஞ்சு, தண்ணீர் பம்ப் |
| துவைத்து உலர்த்தும் ஒற்றை மெஷின் | 4 முதல் 5 | 4 மணிக்கு மேல், இரண்டு ஈடாக | வேண்டாம் | காற்றுக்குழலில் பஞ்சு |
| டீஹ்யூமிடிஃபையரும் கொடியும் | 1.5 முதல் 2 | ஒரு இரவு | வேண்டாம் | வடிகட்டி, நிரம்பும் தொட்டி |

## ஃபியூஸை மட்டும் மாற்றி ஓட்டுவது

பாகத்தின் விலை சில நூறு ரூபாய், வேலை அரைமணி. கரண்ட் போனதால் ஒரே ஒரு தடவை ஃபியூஸ் போயிருந்தால் இது சரியான முடிவு. இரண்டாவது தடவையும் போனால் இந்த வழி முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது பழைய ஃபியூஸின் மேலே பொறித்திருக்கும் வெப்ப எண்ணும் ஆம்பியரும் புதியதிலும் அதேதானா என்று பார்க்கவேண்டும். "கொஞ்சம் அதிக டிகிரி போட்டால் அடிக்கடி போகாது" என்று கடையில் சொல்வார்கள். போகாதுதான், பதிலுக்குப் பஞ்சு பற்றிக்கொள்ளும். அதைவிட மோசம், பாகம் கிடைக்கவில்லை என்று இரண்டு வயரையும் முறுக்கி "டைரக்ட்" அடித்துவிட்டுப் போவது. அப்படி யாராவது செய்திருந்தால், அது சரியாகும் வரை அந்த மெஷினை ஓட்டவே வேண்டாம். பின்மூடியைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்று பார்ப்பதில் தப்பில்லை.

## காற்றுப்பாதையைச் சரிசெய்து பழைய மெஷினையே வைத்துக்கொள்வது

மெஷின் வெளிச்சுவர் ஓரமாக நிற்கிறது, வயது ஏழெட்டு வருடத்துக்குள், டிரம் சத்தமில்லாமல் சுற்றுகிறது என்றால் இதைவிட மலிவான வழி இல்லை. எங்கள் பரிந்துரையும் பெரும்பாலும் இதுவே. ஆனால் அரைகுறையாகச் செய்தால் பயனில்லை.

சுருக்கி விரியும் பிளாஸ்டிக் ஹோஸையும் மெல்லிய ஃபாயில் ஹோஸையும் எறிந்துவிட்டு, விறைப்பான அலுமினிய ஹோஸ் வாங்குங்கள். அளவு நாலு அங்குலம், 100 மில்லிமீட்டர். தேவையான நீளத்துக்கு வெட்டி முழுக்க இழுத்து மாட்டவேண்டும். மடிப்பு மடிப்பாக இருந்தால் ஒவ்வொரு மடிப்பும் பஞ்சுக்குத் திண்ணை. ஒரு நேர்கோண வளைவு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமமாகக் காற்றைத் தடுக்கும், அதனால் இரண்டு வளைவுக்கு மேல் வைக்காதீர்கள். மெஷினிலிருந்து சுவர் நோக்கி லேசான இறக்கம் கொடுத்தால் உள்ளே தண்ணீர் தங்காமல் வெளியே வழிந்துவிடும். இணைப்பில் திருகு அடிக்கவேண்டாம், அதன் முனை உள்ளே நீட்டிக்கொண்டு பஞ்சைப் பிடித்துவைக்கும். வளையக் கிளிப் போட்டு அலுமினிய டேப் சுற்றினால் போதும். பிளம்பர்கள் கைக்குக் கிடைத்த பிவிசி குழாயைச் செருகுவது வழக்கம். சூட்டுக்கும் தீக்கும் அது ஆகாது.

வெளிவாய்க்குக் கொசுவலை வேண்டாம். காற்று அடித்தால் திறந்து, நின்றால் தானே மூடிக்கொள்ளும் பலகை வைத்த மூடி கிடைக்கிறது. அதன் மேலே மழைக்கு ஒரு தொப்பி. வாய் மேற்கும் தென்மேற்கும் பார்க்கக்கூடாது. மழைக்காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்து மோதும். ட்ரையரின் சிறு விசிறியால் அதை எதிர்த்துத் தள்ளமுடியாது. கிழக்குச் சுவரோ வடக்குச் சுவரோ நல்லது.

வெளியே போகும் அளவுக்குக் காற்று உள்ளே வரவும் வேண்டும். கதவடியில் ஓர் அங்குல இடைவெளி இல்லாத குளியலறையில் புது ஹோஸும் பலன் தராது. அதே அறையில் கேஸ் கீசரோ விறகடுப்போ இருந்தால் ட்ரையரை அங்கே வைக்கவே கூடாது: அறைக்காற்றை ட்ரையர் உறிஞ்சும்போது கீசரின் புகை திரும்பி உள்ளே வரும். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும்.

மறைமுகச் செலவு: சுவரில் துளை, மூடி, ஹோஸ், மேஸ்திரி கூலி. வாடகை வீடானால் வீட்டுக்காரரின் சம்மதம். தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் துளை போட அனுமதி கேட்பதைவிட வேறு வழி பார்ப்பது சுலபம். பராமரிப்பு: வலை ஒவ்வொரு ஈடுக்கும், ஹோஸ் மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை. வருடத்துக்கு ஒருமுறை பின்மூடியைத் திறந்து மோட்டாரைச் சுற்றிய பஞ்சையும், எலி கடித்த வயரும் பெல்ட்டும் உண்டா என்பதையும் பார்க்கவேண்டும்.

## ஹீட் பம்ப் ட்ரையருக்கு மாறுவது

வெளிக்குழாய் போட வழியே இல்லாத வீட்டுக்கு இது. ஃபிரிட்ஜில் இருப்பதுபோல் கம்ப்ரஸர் உண்டு. ஒரு பக்கத் தகடுகள் காற்றைச் சூடாக்கும், மறுபக்கத் தகடுகள் அதே காற்றைக் குளிரவைத்து ஈரத்தைத் தண்ணீராகத் தொட்டியில் பிடிக்கும். காற்று உள்ளேயே சுற்றுவதால் மேலே சொன்ன ஹோஸ் தொல்லை எதுவும் இல்லை. சூடும் குறைவு, துணி சீக்கிரம் நைந்துபோகாது. இழுக்கும் கரண்ட் குறைவாதலால் வயரிங் சூடாவதும் குறைவு.

ஆனால் "பாதி கரண்ட்" என்ற ஒரு காரணத்துக்காக மாறவேண்டாம். தினம் ஒரு ஈடு போட்டாலும் பழைய மெஷின் இரண்டு மாதத்தில் 180 யூனிட், இது 90. மழைக்கால நாலு மாதத்துக்கு மிச்சம் 180 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 1,440 ரூபாய். ஹீட் பம்பின் விலை சாதாரண ட்ரையரைப்போல் இரண்டு மடங்குக்குக் கிட்ட. அந்த வித்தியாசத்தை இப்படி மீட்பதற்குள் மெஷினே கிழடாகிவிடும். கணக்கு மாறுவது ஒரு வீட்டில்தான்: இரண்டு மாதத்துக்கு ஏற்கெனவே 350 யூனிட் ஓடும் வீடு. அங்கே பழைய ட்ரையர் 530க்குக் கொண்டுபோகும், ஹீட் பம்ப் 440இல் நிறுத்தும். விருந்தினர் துணி தினமும் மூன்று நாலு ஈடு துவைக்கும் ஹோம்ஸ்டேகளுக்கும் இது கட்டுப்படியாகும்.

இதிலும் திரும்பத் திரும்ப வரும் பழுது உண்டு. வலையைத் தாண்டிய நுண்பஞ்சு குளிர்த்தகடுகளில் படிந்து நேரத்தை இரண்டரையிலிருந்து நாலு மணிக்கு இழுக்கும். சில மாடல்களில் கீழே முன்மூடியைத் திறந்து நாமே மென்பிரஷால் எடுக்கலாம். "தானே சுத்தம் செய்துகொள்ளும்" என்று விற்கப்படும் சிலவற்றில் அந்த மூடியே இருக்காது. அடைத்தால் மெஷினை மொத்தமாகப் பிரிக்கவேண்டும். மலையில் இருப்பவர்கள் மூடி உள்ளதையே கேட்டு வாங்குங்கள். வண்டியில் ஏற்றி வந்ததும் பல மணி நேரம் நேராக நிற்கவிட்டுத்தான் போடவேண்டும், வழியில் சாய்ந்திருந்தால் ஒரு நாள். கம்ப்ரஸரில் ஓடும் குளிரூட்டும் கேஸ் கசிந்தால் உள்ளூரில் தீராது.

## துவைத்து உலர்த்தும் ஒற்றை மெஷின்

இடம் மட்டுமே பிரச்சினை என்றால் யோசிக்கலாம், இல்லையென்றால் வேண்டாம். 8 கிலோ துவைத்தால் 5 கிலோவோ அதற்கும் குறைவாகவோதான் உலர்த்தும், மீதியை வெளியே எடுத்துவைக்கவேண்டும். பல மாடல்கள் ஈரத்தைக் குளிரவைக்கக் குழாய்த்தண்ணீரையே செலவழிக்கும். உலர்த்தும் பகுதி அடைத்தால் துவைப்பதும் நிற்கும்.

## டீஹ்யூமிடிஃபையரும் அறைக்குள் கொடியும்

பலரும் கடைசியாகக் கேட்கும் வழி. நாலு பேர் உள்ள வீட்டில் தினம் ஒரு ஈடு, அதில் பாதி பள்ளிச் சீருடை என்றால் இதை முதலில் யோசிக்கலாம். பத்துக்குப் பத்து அறை, கதவு ஜன்னல் அடைத்து, துணிக்கும் துணிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டுக் கொடியில் போட்டு, ஒரு மேசை விசிறியைத் துணியின் குறுக்கே ஓடவிட்டால் காலைக்குள் காய்ந்துவிடும். ஜீன்ஸின் இடுப்புப்பட்டியும் தடித்த துண்டும் மட்டும் அடம்பிடிக்கும். இழுப்பது 200, 250 வாட்தான், எந்தப் பிளக்கும் போதும். வோல்டேஜ் ஆடும் லைனில் ஒரு சிறு ஸ்டெபிலைசர் வையுங்கள். அலமாரித் துணியில் பூசணம் பிடிக்காததும் செருப்பு வெளுக்காததும் கூடுதல் லாபம்.

ஒரு நாளைக்கு 12 லிட்டர் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது சூடான, மிக ஈரமான அறைக்கான கணக்கு. 18 டிகிரி அறையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. 15க்குக் கீழே கம்ப்ரஸர் வகையின் தகடுகளில் பனி பிடித்து வேலை மந்தமாகும். மூணாறு, தேவிகுளம் உயரத்தில் இருப்பவர்கள் கம்ப்ரஸருக்குப் பதில் ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்த வகையைப் பார்க்கலாம், ஆனால் அது கரண்ட் அதிகம் தின்னும். தொட்டி இரண்டு மூன்று லிட்டர்தான். நிரம்பினால் நடுராத்திரியில் தானாக நின்றுவிடும், காலையில் துணி ஈரமாகக் கிடக்கும்போது "மெஷின் கெட்டுப்போச்சு" என்று போன் வரும். பின்பக்கத் துளையில் ஒரு சிறு குழாய் மாட்டிக் குளியலறை வடிகாலில் விட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

படுக்கைவிரிப்பு, கம்பளி தினமும் உள்ள வீட்டுக்கும், ஓட்டுக்கூரை இடுக்கு வழியாக மேகமே உள்ளே வரும் அறைக்கும் இது ஒத்துவராது. ஊர் ஈரத்தையெல்லாம் அது உறிஞ்ச முயலும், முடியாது.

## கடையில் கேட்கவேண்டியவை

புதிதாக எது வாங்கினாலும் பணம் கட்டுமுன் உங்கள் பின்கோடைச் சொல்லி, சர்வீஸ் எந்த ஊரிலிருந்து வரும், தூரத்துக்குத் தனிக்கட்டணம் உண்டா என்று கம்பெனியின் எண்ணிலேயே கேளுங்கள், விற்பனையாளரிடம் வேண்டாம். கோயம்புத்தூரில் வாங்கி மூணாறில் வைத்தால் ஆளை அனுப்பவேண்டியது எந்த மாநில மையம் என்பதையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரவாதத்தில் எலி கடித்ததும் வோல்டேஜால் போனதும் பெரும்பாலும் சேராது. பழைய ட்ரையரையே வைத்துக்கொள்பவர்கள் இரண்டு ஃபியூஸும் ஒரு பெல்ட்டும், மாடல் எண் சொல்லி, வைகாசிக்குள் வரவழைத்துவிடுவது நல்லது. ஆடியில் மலைப்பாதை மண்சரிவில் அடைபட்டால் கூரியரும் ஏறாது.